தந்தை அல்லது கணவர் பெயர்

செண்பகவல்லி அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியாமல் பத்து நிமிஷமாக உட்கார்ந்திருந்தாள். கேக்காதீங்க. அந்த வரியில் அவ்வளவுதான் இருந்தது. அதற்கு மேலே ஒரு புள்ளி, அதற்கும் மேலே மூன்று புள்ளி, அதற்கும் மேலே எக்ஸ் எக்ஸ் எக்ஸ். கீழே இல்ல, போயிட்டாரு, அம்மா மட்டும், மறுபடி ஒரு புள்ளி. தேனிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகளைப் பதிகிற கவுண்டரில், தந்தை அல்லது கணவர் பெயர் என்கிற கட்டத்துக்குள் ஆறு மாதமாக அடிக்கப்பட்ட கோணல்மாணலையெல்லாம் ஸ்டீபன் சார் ஒரே பட்டியலாக உருவி அவளுக்கு அனுப்பியிருந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தவர் அவள் மேஜையில் கையை ஊன்றி, "குப்பையைப் பாரும்மா செண்பகம். இதுல ஒண்ணுகூட இனிமே உள்ள வரக்கூடாது. புள்ளி, கோடு, தெரியாது, இல்லை, எல்லாத்தையும் அடைச்சிரு. குறைஞ்சது மூணு எழுத்து இருக்கணும். நாலு மணிக்குப் புது வெர்ஷன் போகுது," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். இப்போது மணி இரண்டே முக்கால். அரைமணி நேர வேலைகூட இல்லை இது. கட்டத்தில் எதை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்று நிறுத்திப் பார்க்கிற வேலையைத்தான் ஒன்பது வருஷமாக இந்த மதுரை ஸாஃப்ட்வேர் ஆபீசின் மூன்றாவது மாடியில் அவள் செய்கிறாள். செல்போன் நம்பர் பத்து இலக்கத்துக்குக் குறைந்தால் விடமாட்டாள். பின்கோடு ஆறுக்கு ஐந்தாக இருந்தால் விடமாட்டாள். நூற்றிருபது வயதுக்காரர் வரலாம், நூற்றிருபத்தொன்று வரக்கூடாது. பிப்ரவரி முப்பதில் ஒருவரும் பிறக்க முடியாது. தப்பாக அடித்தால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வரும், கீழே ஸேவ் பட்டன் சாம்பலாகிச் செத்துக் கிடக்கும். அந்தச் சிவப்பைக்கூட அவள்தான் தேர்ந்தெடுத்தாள், ஏழெட்டுச் சிவப்புகளைப் போட்டுப் பார்த்து, கண்ணை உறுத்தாமல் ஆனால் கண்ணை விட்டு நகராமல் இருக்கிற ஒன்றை. போன மாதம் புள்ளியை அடைத்ததும் அவள்தான். ஒற்றைப் புள்ளி மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று புகார் வந்தது. ஒரு வரி எழுதினாள், ஓட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது, டீ குடிக்கக் கீழே போனாள். இஞ்சி தூக்கலாகப் போட்டிருந்த டீ அன்றைக்கு. அது ஞாபகம் இருக்கிறது. புள்ளியைப் போட்டவர்கள் மறுநாள் எதைப் போட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கேக்காதீங்க. இதைக் கவுண்டர்க்காரி தானாக அடித்திருக்க முடியாது. கேட்டிருக்கிறாள், கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக எதிரே நின்றவள் சொல்லியிருக்கிறாள், சொன்னது அப்படியே விரல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அல்லது கவுண்டர்க்காரிக்கு எரிச்சலா? பின்னால் இருபது பேர் நிற்க, மின்விசிறி பாதி வேகத்தில் சுற்ற, சரிம்மா, கேக்கலை, இந்தா போட்டுட்டேன் என்று. எப்படியோ கட்டம் அதை வாங்கிக்கொண்டுவிட்டது. ஆறு எழுத்து. மூன்றுக்கு மேல். எண் இல்லை, குறி இல்லை. சார் சொன்ன கணக்குப்படி பார்த்தால் இது நல்ல பெயர். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மூலையில் வைத்த பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டு, அடுத்த சொட்டுக்குள் ஒரு மூச்சு. கோவில்பட்டியில் அந்தத் தாலுகா ஆபீசிலும் இப்படி ஏதோ ஒன்று சொட்டியது. இல்லை, அது மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், சாதிச் சான்றிதழுக்கு. அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலையை முடித்துவிட்டு, சாம்பார் வாசனை சேலையோடு வந்திருந்தாள். அந்த வாசனைக்காக அவள் இரண்டடி தள்ளி நின்றாள், பதினேழு வயசுப் பிள்ளை அப்படித்தான் நிற்கும், நின்றது இன்றைக்கும் உடம்பில் எங்கேயோ குத்திக்கொண்டுதான் இருக்கிறது. மேஜைக்குப் பின்னாலிருந்தவர் தாளைத் திருப்பி அம்மாவிடம் நீட்டினார். தகப்பன் பேர் எழுதலையேம்மா. அம்மா, தெரிஞ்சுதான் விட்டேன் சார் என்றாள். அப்படியெல்லாம் விட முடியாதும்மா, செத்துட்டாரா? இல்ல சார். அப்ப எழுது. அம்மா, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அவரு உசுரோடதான் இருக்காரு சார். சாத்தூர்ல இன்னொரு வீட்ல இருக்காரு. எங்களுக்குத்தான் இல்ல. அதுக்கு உங்க தாள்ல ஒரு கட்டம் இருக்கா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரேஷன் கார்டை வாங்கி, அதிலிருந்து கொண்டல்சாமி என்று தானே எழுதிக்கொண்டார். நல்ல கையெழுத்து. ரொம்ப அழகாக எழுதினார். அதன் பிறகு அந்தப் பெயர் அவளை விடவேயில்லை, கல்லூரிச் சான்றிதழில், ஆதாரில், இந்த ஆபீசில் சேர்ந்தபோது கொடுத்த தாளில். ஐந்து வயதுக்கு மேல் அவளைத் தூக்காத மனிதர் அவளுக்கு முன்னால் முன்னால் நடந்து போனார், எல்லாக் கதவையும் அவர்தான் திறந்துவிட்டார் என்பது மாதிரி. அம்மாவின் பெயரை எந்தக் கட்டமும் கேட்கவில்லை. சீனியம்மாள். ஆறு எழுத்து. மூன்றுக்கு மேல்தான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே விரல் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது, அதுதான் பயங்கரம். புள்ளியை அடைத்தாயிற்று. கோட்டை அடைத்தாயிற்று. தடைபட்ட சொற்களின் பட்டியலில் இல்லை, இல்ல, தெரியாது, தெரியல எல்லாம் வந்துவிட்டன. போயிட்டாரு. அதையும் சேர்த்தாள். அடுத்தது கேக்காதீங்க என்று வந்தபோது கை நின்றது. நின்றால் என்ன ஆகும்? மணி மூன்றாகும், மூன்றரையாகும், நான்காகும். ஸ்டீபன் சார் கெட்டவர் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னவர், கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு டப்பா முறுக்கும் கேக்கும் வைப்பவர். கண்ணாடி அறைக்குள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எதற்கோ தலையாட்டிக்கொண்டிருக்கிறார், எதிர்முனைக்குத் தெரியாது என்று தெரிந்தும் ஆட்டுகிறார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் அந்தக் கட்டத்தில் ஒழுங்கான பெயர் இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறார்களாம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குத் தலைவலி, அது இவருக்கு வந்தது, இவரிடமிருந்து அவளுக்கு வந்திருக்கிறது. ஆனால் நூறு பேர் வருகிற இடத்தில் இன்சூரன்ஸோடு வருகிறவர்கள் எத்தனை பேர்? மீதிப் பேர் எதற்குச் சொல்ல வேண்டும்? காய்ச்சலுக்கும் அப்பன் பேருக்கும் என்ன சம்பந்தம்? இதைப் போய்க் கேட்கலாம். கேட்டால், செண்பகம் உனக்கு எதுக்கும்மா இந்தப் பேச்சு என்பார். உனக்கு எதுக்கு. அந்த இரண்டு சொல்லுக்கு அவளிடம் பதில் இல்லாமல் இல்லை, பதிலை எடுத்து வெளியே வைத்தால் சாத்தூரும் வரும், சாம்பார் வாசனையும் வரும், ஒன்பது வருஷமாக மேஜை மேல் வைக்காத எல்லாமும் வரும். முப்பத்து நாலு வயதில் வேலையை விட்டால் அடுத்த இடத்தில் இருபத்து மூன்று வயசுப் பையன்களோடு பரீட்சை எழுத வேண்டும். மகள் இப்படி அடைக்கிற வேலை பார்க்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தால்? தெரிந்தால் அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. சேர்த்துவிடலாம். ஒரே ஒரு சொல்தானே. சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அப்போதுதான் மேஜைப் போன் அடித்தது. அதே ஆஸ்பத்திரி, பதிவு கவுண்டர் ஜைனம்பு. மாதத்துக்கு நாலு தடவையாவது கூப்பிடுவாள், நேரில் பார்த்ததில்லை, குரலை வைத்து ஒல்லியான பெண் என்று இவளாக முடிவு செய்திருந்தாள். "அக்கா, ஒரு புள்ள வந்து நிக்குதுக்கா. பேரு வனப்பேச்சி. எட்டு மாசம். காலெல்லாம் தண்ணிக்குடம் மாதிரி வீங்கிக் கிடக்கு. புருசன் பேர் கேட்டா சொல்ல மாட்டேங்குது. புள்ளி வச்சேன், இந்தப் பொட்டி செவக்குதுக்கா. இல்ல, தெரியாதுன்னெல்லாம் அடிக்கவே கூடாதுன்னு இங்க ஆபீஸ்ல கண்டிசனாச் சொல்லிட்டாக. முன்னாடியெல்லாம் விடுமே?" முன்னாடியெல்லாம் விடும். போன மாதம் வரைக்கும் விடும். செண்பகவல்லிக்குக் காது சூடாயிற்று. "ஜைனம்பு, அப்பா பேர் கேட்டியா?" "அதையும் சொல்ல மாட்டாளாம்க்கா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அடிச்சுத் தொரத்துனாகளாம். பெரிய டாக்டரம்மா நாலு மணிக்கு எந்திரிச்சுப் போயிருவாங்க, அதுக்கப்புறம் வியாழக்கிழமைதான். நம்பர் விழலைன்னா ரத்தம்கூட எடுக்க மாட்டாங்க உள்ள." பின்னால் குழந்தை அழுகிற சத்தம், யாரோ டோக்கன் நம்பர் கூவுகிற சத்தம். "அக்கா, எங்க வீட்டுக்காரர் பேரையே போட்டுரவா? போன வாரம் ஒரு பிள்ளைக்கு எங்க அண்ணன் பேரைப் போட்டேன், கப்புனு வாங்கிக்கிருச்சு." ஜைனம்பு இதை வெகு சாதாரணமாகச் சொன்னாள், சட்டியில் உப்புக் குறைந்தால் போடுகிற மாதிரி. செண்பகவல்லியின் கண் தானாகப் பட்டியலுக்குப் போய், பட்டியலைத் தாண்டி, அதில் இல்லாத ஆயிரக்கணக்கான வரிகளுக்குப் போயிற்று. நல்ல வரிகள். புகார் வராத வரிகள். அதில் எத்தனை ஜைனம்புவின் அண்ணன்? எத்தனை பேர் பக்கத்தில் நின்றவன் பெயரைச் சொன்னார்கள்? அவள் எழுதியதெல்லாம் பொய்யைக் கண்டுபிடிக்கிற வரி இல்லை. பொய்யை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொடுக்கிற வரி. இல்லை என்று உண்மையைச் சொன்னவளுக்குத்தான் சிவப்பு. அந்த நேரத்தில் போனுக்குள் வேறொரு குரல் கேட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, தள்ளியும் தெளிவாகவும். "யார் பேரையும் போடாதீகக்கா. நாளைக்கு என் புள்ள சீட்டுல அந்தப் பேரு வந்து நிக்கும். நான் வேணும்னா திரும்பிப் போறேன்." "போகாதம்மா, உக்காரு, உக்காரு," என்றாள் ஜைனம்பு. செண்பகவல்லி மணியைப் பார்த்தாள். மூன்று பதினெட்டு. "அவங்களைப் போக விடாத. ஒரு நர்ஸைக் கூப்பிட்டு அந்தக் காலைப் பார்க்கச் சொல்லு. யார் பேரையும் போடாத. இருபது நிமிஷம் குடு எனக்கு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உள்ளே இருப்பது பயமா கோபமா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. மத்தியானத்திலிருந்து எழுதியதை மேலிருந்து கீழ்வரை பிடித்து அழித்தாள். புள்ளிக்குப் போட்ட தடையை அழித்தாள், போன மாதம் எழுதியது, பக்கத்தில் அவள் பெயரும் தேதியும் இருந்தன. மூன்று எழுத்துக் கணக்கை அழித்தாள். கடைசியாக அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்கிற வரி, அது அவளுக்கும் முன்னால் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனது. இத்தனை வருஷம் கல்வெட்டு மாதிரி இருந்ததை ஒருவரும் தொட்டதில்லை. தொட்டாள். அழிந்தது. எல்லாச் சொல்லையும் போல அதுவும் பின்னோக்கி ஒவ்வொரு எழுத்தாகத்தான் அழிந்தது. இன்சூரன்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு நிபந்தனை எழுதினாள், கேட்பதும் காப்பீட்டு அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அதை, அப்பனையோ புருஷனையோ அல்ல. வேலை முடிந்தபோது முன்பிருந்ததைவிட ஏழு வரி குறைந்திருந்தது. முழுவதையும் சேர்த்துத் தொகுக்க ஒன்பது நிமிஷம் ஆகும். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. அந்த ஒன்பது நிமிஷம்தான் அன்றைக்கு ரொம்ப நீளம். கை சும்மா இருந்தால் புத்தி சும்மா இருப்பதில்லை. யாரைக் கேட்டு அழித்தாய்? உன்னை யார் கேட்கச் சொன்னார்கள்? நாளைக்கே ஆயிரம் பேர் சோம்பேறித்தனத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு பெரியவர் வார்டில் கிடப்பார், அப்போது? அதற்குத்தான் தனியாக ஒரு கட்டம் இருக்கிறதே, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று. இருக்கிறது. இருந்தாலும். கொண்டல்சாமி மேல் உனக்கிருக்கிற கோபத்தைக் கம்பெனியின் ஸாஃப்ட்வேரில் காட்டுகிறாய். காட்டினால் என்ன? அந்த வரியை முதலில் எழுதியவன் மட்டும் என்ன ஆகாயத்திலிருந்தா எழுதினான்? அவன் வீட்டில் அப்பா இருந்தார், சாயங்காலம் வந்தார், செருப்பைக் கழற்றினார், அதனால் எல்லார் வீட்டிலும் வருவார் என்று நினைத்து எழுதினான். அதற்குப் பெயர் விதி. இவள் எழுதினால் மட்டும் கோபமா? பச்சைக்கோடு பாதியில் நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, நகர்கிறது. காலில் வீக்கம் இருந்தால் தலைவலியும் இருக்குமோ, கண் மங்குமோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. ஐயோ, பேசாமல் ஏதோ ஒரு பெயரைப் போடச் சொல்லியிருக்க வேண்டுமோ? உயிருக்கு முன்னால் பெயரென்ன? ஆனால் அந்தப் பெண் எழுந்து போயிருப்பாள். அந்தக் குரலில் அது இருந்தது. போயிருப்பாள்.

"என்ன அதுக்குள்ள பில்டு போட்டுட்ட? டெஸ்ட் பண்ணியாச்சா?" ஸ்டீபன் சார் பின்னால் நின்றிருந்தார். திரையில் அழிந்த வரிகள் சிவப்பாக வரிசை கட்டி நின்றன, மறைக்க நினைத்தாலும் மறைக்க முடியாது. அவர் குனிந்து படித்தார். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. "செண்பகம், நான் அடைக்கச் சொன்னேன். நீ திறந்து வச்சிருக்க." "ஆமா சார்." "தெரியாமப் பண்ணினியா?" "தெரிஞ்சுதான் சார் பண்ணினேன்." தன் குரல் இத்தனை சத்தமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாலு மேஜை தள்ளித் தலைகள் நிமிர்ந்தன. "அங்க ஒரு பொண்ணு எட்டு மாசத்தோட நிக்கிது சார். பேர் சொல்லலைன்னு வெளியே நிறுத்தியிருக்கோம். அவங்க நிறுத்தலை, நான் நிறுத்தியிருக்கேன். போன மாசம் நான் எழுதுன வரி." "அதுக்கு ஏதாவது ஒரு பேரைப் போடச் சொல்ல வேண்டியதுதானேம்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." "அதைத்தான் சார் சொல்றேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அப்புறம் எதுக்கு சார் கேக்குறோம்?" அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "கிளையண்ட் கேட்டதைச் செஞ்சு குடுக்குறதுதான் நம்ம வேலை. இப்ப இதை நான் பக்கத்து மேஜை ராமச்சந்திரன்கிட்டக் குடுத்து மாத்தச் சொன்னா?" "குடுங்க சார். அவர் எழுதட்டும். என் கையால இனிமே அந்த வரியை எழுத மாட்டேன்." சொல்லி முடித்தபோது உள்ளே ஏதோ உடைந்து விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. முதுகு நேராக இருந்தது, அவ்வளவுதான். "எங்க வீட்ல அந்தக் கட்டம் காலி சார். இத்தனை வருஷமா நிரப்பிக் காட்டிட்டிருக்கேன்," என்றாள், மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஸ்டீபன் சார் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பச்சைக் கோடு வலது ஓரத்தைத் தொட்டு மறைந்தது. மூன்று நாற்பத்தொன்று. "திங்கக்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்காரங்க வருவாங்க. ஏன் திறந்தீங்கன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது, நீதான் உக்காந்து சொல்லணும்." "சொல்றேன் சார்." "வேலை போனாலும் போகும். சொல்லிட்டேன்." "சரி சார்." பிறகு, "அந்த கவுண்டருக்கு மட்டும் முதல்ல அனுப்பு. மத்ததெல்லாம் நாலு மணிக்குப் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். ராமச்சந்திரன் மேஜைப் பக்கம் திரும்புவாரா என்று அவள் பார்த்தாள். திரும்பவில்லை.

இங்கிருந்தே ஜைனம்புவின் கணினியைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். திரையில் அந்த ஆஸ்பத்திரியின் ஃபார்ம் வந்தது, பாதி நிரப்பியபடி: வனப்பேச்சி, இருபத்திரண்டு, பெண். போனைக் காதில் வைத்தபோது மூன்று ஐம்பது. "ஜைனம்பு, அவங்க இருக்காங்களா?" "இருக்குக்கா. நர்ஸம்மா வந்து பிரஷர் பார்த்தாங்க, கூடத்தான் இருக்காம், சீக்கிரம் உள்ள அனுப்புன்னு கத்திட்டுப் போறாங்க. என்னக்கா போடணும் இப்ப?" "ஒண்ணும் போடாத." "ஒண்ணுமேவா?" "ஒண்ணுமே. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. ஸேவ் குடு." போனுக்குள் ஒரு விசையைத் தட்டுகிற சின்னச் சத்தம், அதன் பின்னால் பிரிண்டர் இருமிக்கொண்டு தாளை இழுத்தது. "போயிருச்சுக்கா!" என்று கத்தினாள் ஜைனம்பு, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். சீட்டைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, தூரத்திலிருந்து, நம்பாத ஒரு குரல். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா," என்றாள் ஜைனம்பு. "உள்ள போ. மெதுவாப் போ."